டெபுடி கலெக்டர் செய்யக்கூடிய தவறுகள்

பஞ்சாட்சர முதலியாரின் மந்திரி தேங்காய்ச் சட்னியில் விழுந்ததற்கு என் அங்கவஸ்திரம்தான் காரணம். அதை நான் அன்றைக்கே மறுக்கவில்லை. மறுக்க முடியாதபடி சட்னி அங்கவஸ்திரத்திலும் இருந்தது.

மயிலாப்பூர் தெற்கு மாடவீதியில் ஒரு மாடிக்கூடத்தில் எங்கள் சதுரங்க சபை கூடும். அன்று சனிக்கிழமை, வருஷக் கோப்பைக்கான கடைசி ஆட்டம். ஒரு பக்கம் என் சீனியர் வக்கீல் பஞ்சாட்சர முதலியார். எதிர்ப்பக்கம் பென்ஷன் வாங்கும் டெபுடி கலெக்டர் பாண்டுரங்கன். நான் முதலியாருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஜூனியர் வக்கீல் என்பவன், சீனியர் நல்ல காயை நகர்த்தினால் 'ஆகா' என்றும், மோசமான காயை நகர்த்தினால் அதைவிடப் பலமாக 'ஆகா' என்றும் சொல்ல வேண்டியவன். அப்படி ஓர் ஆகா சொல்வதற்காக முன்னால் குனிந்தேன். நிமிர்ந்தபோது அங்கவஸ்திரத்தின் முனை பலகையைச் சுத்தமாகப் பெருக்கி முடித்திருந்தது.

எல்லோரும் வெறும் பலகையைப் பார்த்தார்கள். பஜ்ஜித் தட்டோடு நின்ற சபைச் சேவகன் மாசிலாமணி மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "யானை ரெண்டும் பெஞ்சுக்குக் கீய கீது சாமி. மந்திரிதான் சட்னில உய்ந்துட்டாரு," என்று அறிக்கை கொடுத்தான்.

இங்கே மந்திரி என்று நான் சொல்வது ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய காய். இங்கிலீஷ்காரர்கள் அதை ராணி என்கிறார்கள். எங்கள் சபையில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்பதால் மந்திரியாகவே வைத்திருந்தோம்.

காய்களைத் துடைத்து, இருந்தது இருந்தபடி அடுக்கச் சொன்னார் காரியதரிசி. முதலியார் அடுக்கிக் காட்டியதில் டெபுடி கலெக்டரிடம் ராஜாவும் இரண்டு சிப்பாய்களும் மிச்சம் இருந்தன. டெபுடி கலெக்டர் அடுக்கிக் காட்டியதில் முதலியாருக்கு அந்தச் சிப்பாய்களும் இல்லை. சாட்சி கேட்டார்கள். பாதிப் பேர் வக்கீல்கள்; எந்தக் கட்சிக்காரர் தங்களை அமர்த்தியிருக்கிறார் என்று தெரியாமல் அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை. கடைசியில் காரியதரிசி, மறுநாள் புதிதாக ஓர் ஆட்டம் ஆடலாம் என்றார்.

முதலியாருக்குக் காது சிவந்தது. "ஜெயிச்ச ஆட்டத்தை நான் ஏன்யா மறுபடி ஆடணும்? கலைச்சவன் ஆடட்டும்."

டெபுடி கலெக்டர் மூக்குப்பொடி டப்பியை மெதுவாக மூடினார். "ரொம்ப சரி. நாளைக்கு முதலியார்வாளுக்குப் பதிலா அவர் ஜூனியர் ரகுபதி ஆடறான். மினிட் புஸ்தகத்துல எழுதிக்கோங்கோ."

முதலியார் வாயைத் திறந்தார். ஆனால் காரியதரிசியின் பேனா ஓட ஆரம்பித்துவிட்டது. கோபம் வந்தால் முதலியார் சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுவார் என்பது ஹைக்கோர்ட் முழுக்கத் தெரியும். டெபுடி கலெக்டருக்கும் தெரிந்திருந்தது.

மாடிப்படி இறங்கும்போது முதலியார் என் தோளைப் பிடித்தார். "ரகுபதி, நாளைக்குத் தோத்துட்டு என் ஆபீஸ் பக்கம் வராதே."

சம்பளமே இல்லாத வேலையிலிருந்து ஒருவனை எப்படி நீக்குவது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இருந்தாலும் "ஆகா" என்றேன்.

உண்மையில் எனக்குச் சதுரங்கம் அவ்வளவு வராது. நல்ல ஆட்டம் எது என்று கண்டுபிடிக்க மூளை வேண்டும். எதிராளி எங்கே தவறுவார் என்று கண்டுபிடிக்க, வேறு வேலை இல்லாமல் இருந்தால் போதும். அந்தத் தகுதி என்னிடம் நிறைய இருந்தது. கேஸ் இல்லாத வக்கீலுக்கு மனுஷர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதானே தொழில். சபையில் ஒரு மிராசுதார் இருந்தார். ஒரு சிப்பாயைக் காப்பாற்ற மூன்று காய்களைப் பறிகொடுப்பார், ஏனென்றால் சிப்பாய் நிற்பது அவருக்கு நிலம். ஒரு டாக்டர் இருந்தார். ஆட்டத்தில் எங்கே வலி தெரிந்தாலும் உடனே அறுத்துப் போட்டுவிடுவார், ஆறப்போட்டால் தானே சரியாகிவிடும் என்று அவருக்குத் தோன்றாது. இவர்களோடு ஆடும்போது சரியான காயை நான் தேடுவதே இல்லை. அவர்களைத் தவற வைக்கிற காயைத் தேடுவேன். பெரும்பாலும் அது மோசமான காயாகத்தான் இருக்கும். பார்க்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் ஜெயித்துவிடுவேன்.

டெபுடி கலெக்டரின் தவறு எனக்கு மனப்பாடம். அவர் சின்ன வயதிலிருந்து ஆடியது நம் நாட்டு விதிப்படி. அதில் ராஜாவுக்கு ஒரு சலுகை உண்டு. யாரும் செக் சொல்லாத வரையில், ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை, ராஜா குதிரை மாதிரி தாவலாம். ஆபத்து நெருங்குகிறது என்று தெரிந்தால் ஒரு தாவுத் தாவித் தப்பிவிடுவார். போன வருஷம் எங்கள் சபை இங்கிலீஷ் விதிக்கு மாறியது. ஊரெல்லாம் சீமைத்துணியைக் கொளுத்திக்கொண்டிருந்த சமயத்தில் சீமை விதியைக் கொண்டுவந்தோம். தீர்மானத்தை முன்மொழிந்தவர் முழுக்கக் கதர் கட்டியிருந்தார். இங்கிலீஷ் விதியில் ராஜாவுக்குத் தாவல் கிடையாது. டெபுடி கலெக்டரும் கைதூக்கி ஓட்டுப் போட்டவர்தான். ஆனால் ஓட்டுப் போட்டது கை. ஆட்டம் சூடுபிடித்தால் அவர் மனசில் ராஜா இன்னும் தாவிக்கொண்டுதான் இருந்தார்.

ஆக, ஜெயிக்கிற வழி தெரியும். ஜெயிக்கலாமா என்பதுதான் தெரியவில்லை. காரணம், என் தங்கை ரத்னா.

தை மாதம் டெபுடி கலெக்டர் தம் மனைவி, பிள்ளை சகிதம் எங்கள் வீட்டுக்கு அவளைப் பெண் பார்க்க வந்தார். சொஜ்ஜி சாப்பிட்டார்கள். ரத்னா பாடினாள். கிளம்பும்போது அவர் வழக்கப்படி, "ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்," என்றார். அவர் ஊர் சித்திரக்குளம். எங்கள் வாசலில் நின்று தும்மினால் அவர் வீட்டில் நூறு என்பார்கள். இருந்தும் மாசி போய், பங்குனியில் அறுபத்துமூவரும் போய், வைகாசியும் முடியப் போகிறது. கடுதாசி வரவில்லை. நேரில் பார்த்தால், "என்னப்பா, சௌக்கியமா? மழை வரும்போல இருக்கே," என்பார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்.

பெண் வீட்டார் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கேட்டால் அவசரம் என்று அர்த்தம். அவசரம் என்றால் பெண்ணிடம் ஏதோ குறை என்று அர்த்தம். ஆகவே நாங்கள் கேட்கவில்லை. இதற்கு நடுவே எழும்பூர்ப் பக்கம் உபாத்தியாயினிகளுக்கான ஒரு பயிற்சிப் பள்ளியில் ரத்னாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் வேறு பெண்ணுக்கு.

அன்று ராத்திரி சாதம் போடும்போது அம்மா சொன்னாள்: "தோத்துட்டு வாடா. சம்பந்தியாகப் போறவரை நாலு பேர் நடுவில ஜெயிச்சுட்டு, அப்புறம் எந்த முகத்தோட நிக்கறது?"

"சம்பந்தியாகப் போறவர்னு யாரும்மா சொன்னா?"

"இல்லேன்னு யார் சொன்னா?"

"அப்போ திங்கட்கிழமை ரத்னா போகலாமா?"

"கல்யாணம் ஆகப்போற பொண்ணு பள்ளிக்கூடத்துக்குப் போனா அவா என்ன நினைச்சுப்பா? கல்யாணம் இல்லேன்னா போகட்டும். நானா வேண்டாங்கறேன்?"

ரத்னா மோர்ப் பாத்திரத்தோடு வந்தாள். நிலைப்படியில் தலை இடிக்காமல் கொஞ்சம் குனிந்துதான் வருவாள். "அண்ணா, நீ ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி. அவா வந்தன்னிக்கு நான் பாடின பாட்டை இப்ப பால்காரன்கூடப் பாடறான். எனக்கு ஒரு பதில் வாங்கிண்டு வா."

"என்ன பதில் வேணும் உனக்கு?"

"ஏதாவது ஒண்ணு. கல்யாணம்னா புடவைக்கு ரவிக்கை தைக்கணும். பள்ளிக்கூடம்னா பென்சிலைச் சீவணும். ரெண்டுக்கும் நடுவில உட்கார்ந்துண்டு நான் எத்தனை நாள் அப்பளம் இடறது?"

எங்கள் வீட்டில் அப்பளம் பரண் வரைக்கும் அடுக்கியிருந்தது உண்மை.

யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன். தோற்றுவிட வேண்டியது. கோப்பையை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக நிற்கும் மனுஷர், பக்கத்தில் பவ்யமாக நிற்கும் என்னைப் பார்த்து, தானாகவே ஏதாவது சொல்லத்தான் செய்வார். தோற்பது ஒன்றும் கஷ்டமில்லை. வேலை மெனக்கெட்டுத் தோற்றவன் உலகத்தில் உண்டா என்ன?

உண்டு என்பது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெரிந்தது.

கூடம் நிறைந்திருந்தது. முதலியார் எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நேற்று நான் நின்ற இடம். ஆனால் ஆகா சொல்ல அவர் தயாராக இல்லை. "அந்த மனுஷன் ராஜாவைத் தாவ வைப்பாரு. அங்க புடி," என்று காதில் சொன்னார். பிறகு என் அங்கவஸ்திரத்தை உருவித் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் ஒழுங்காக ஆடுவதுபோல் ஆடினேன். பிறகு என் மந்திரியைக் கொண்டுபோய் அவருடைய குதிரை வெட்டும் கட்டத்தில் வைத்தேன். சும்மா எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் துணைக்கு ஒரு சிப்பாய்கூட இல்லை.

டெபுடி கலெக்டர் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் அப்பாவியாக இருந்தேன். அதுதான் தப்பாகிவிட்டது.

அவர் தஞ்சாவூர் ஜில்லாவில் உத்தியோகம் பார்த்தவர். மற்ற அதிகாரிகள் வாசலில் வாழைத்தாரும் மாம்பழக் கூடையும் யாரோ வைத்துவிட்டுப் போனதாகக் கிடக்கும். இவர் வாசலில் மட்டும் எதுவும் நிற்காது. பண்டிகைக்கு வந்த கரும்பைக்கூட, கொண்டுவந்த ஆளின் தலையிலேயே திருப்பி ஏற்றி அனுப்பியவர். யாராவது சும்மா எதையாவது கொடுத்தால் அதற்குப் பின்னால் ஒரு மனு வருகிறது என்பது அவருடைய அனுபவம். இந்த விஷயத்தில் அனுபவம் பொய்யும் சொல்லவில்லை. என் மந்திரிக்குப் பின்னாலும் ஒரு மனு இருந்தது.

"பெரிசா ஏதோ யோசிச்சு வச்சிருக்கே நீ," என்று சொல்லிவிட்டு, வேறு பக்கம் ஒரு சிப்பாயை நகர்த்தினார்.

கூட்டத்தில் ஒரு முனகல். முதலியார் என் காதருகே, "ஆழம்," என்றார். அவரும் அதில் ஏதோ இருப்பதாக நம்பிவிட்டார்.

அடுத்து யானையைக் கொடுத்துப் பார்த்தேன். அதே குதிரை அதையும் வெட்டலாம். டெபுடி கலெக்டர் யானையை முறைத்தார். லஞ்சத்தின் அருகில் நிற்பதுகூடத் தப்பு என்பதுபோல, குதிரையை அங்கிருந்து எடுத்துக் கொண்டுபோய்த் தூரத்தில் வைத்தார்.

அப்போதுதான் எனக்கு வேர்த்தது. கடைசி வரிசைக்குக் காவல் அந்தக் குதிரைதான்; அது விலகியதும் என் யானை அங்கே இறங்கத் தடையே இல்லை. அந்த வரிசையின் மூலையருகே அவருடைய ராஜா. அவருக்கு முன்னால் அவருடைய சிப்பாய்களே சுவர்போல் நின்று வழியை அடைத்திருந்தார்கள். மூச்சுவிட ஒரு சிப்பாயை முன்பே நகர்த்தி வைத்திருக்கலாம். எந்த இங்கிலீஷ் ஆட்டக்காரனும் நகர்த்தியிருப்பான். இவர் நகர்த்தவில்லை. ஏன் என்று கூடத்தில் என்னைத் தவிர முதலியாருக்கும் தெரியும்.

இதுவரை எல்லோரையும் தவற வைக்கக் காய் தேடியவன், முதல்முறையாக ஒருவரைத் தவறாமல் காப்பாற்றக் காய் தேடினேன். அப்படிப்பட்ட காய்களோடு எனக்குப் பழக்கம் போதாது. என் பக்க மூலையில் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டு, "இடமே போதலை மாமா, உள்ளே ரொம்பப் புழுக்கமா இருக்கு. கொஞ்சம் காத்துக்கு வழி பண்ணிண்டா தேவலை," என்றேன்.

"மாசிலாமணி, அந்த ஜன்னலைத் திற," என்றார் டெபுடி கலெக்டர்.

முதலியார் என் நாற்காலிக் காலை உதைத்தார்.

டெபுடி கலெக்டர் பலகையைப் பார்த்தார். என் யானையைப் பார்த்தார். அது வருகிற பாதையை விரலால் காற்றில் கோடு போட்டார். கண்டுபிடித்துவிட்டார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பொடிப்பயல் வைத்த கண்ணியைப் பெரியவர் பார்த்துவிட்ட சிரிப்பு. ராஜாவைத் தூக்கினார். சிப்பாய்ச் சுவருக்கு மேலே, குதிரை மாதிரி, அழகாக ஒரு தாவுத் தாவி வைத்தார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். தெப்பக்குளத்துப் பக்கமிருந்து உண்மையிலேயே நல்ல காற்று வந்தது. காரியதரிசி தம் பேனாவைப் பார்த்தார். மயிலாப்பூர் மரியாதை என்பது இப்படிப்பட்ட நேரங்களில்தான் தெரியும். ஒருத்தரும் எதையும் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ராஜா அங்கேயே குடியிருந்திருப்பார்.

"இன்னா சாமி இது," என்றான் ஜன்னலருகே நின்ற மாசிலாமணி, "ராசா எகிறிக் குதிச்சுக்கினு போறாரு. பழைய ஆட்டமா ஆடிக்கினு கீறீங்கோ?"

"ஆட்சேபணை," என்று முதலியார் எழுந்தே விட்டார். "தாவல் செல்லாது. தொட்ட காயைத்தான் ஆடணும். சபை விதி. டெபுடி சார் ஓட்டுப் போட்ட விதி."

டெபுடி கலெக்டர் ராஜாவை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். தொட்டுவிட்டதால் ராஜாவைத்தான் நகர்த்தியாக வேண்டும். ஒரு பக்கத்துக் கட்டத்தை என் மந்திரி, அவர் வாங்க மறுத்த அதே மந்திரி, காத்துக்கொண்டிருந்தது. மிச்சம் மூலைக் கட்டம் ஒன்றுதான். அங்கே போனால் என் யானை நேரே இறங்கி ஆட்டத்தை முடித்துவிடும். அது கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. ராஜாவை மூலைக்குத் தள்ளினார்.

"பழக்கம்," என்றார் மெதுவாக. என்னிடம் இல்லை, ராஜாவிடம்.

என் முறை. முதலியாரின் மூச்சு என் பிடரியில் சுட்டது. யானையை இறக்காமல் வேறு எதையாவது ஆடிவிட்டால் என்ன என்று நினைத்தேன். ஆனால் கரும்புக் கட்டைத் திருப்பி அனுப்பியவருக்கு ஜெயத்தைச் சும்மா கொடுத்தால் அதையும் என் தலையிலேயே ஏற்றி அனுப்புவார். அவமானம் இரட்டிப்பாகும். சரி, இந்த மனுஷர் அடுத்து என்ன தவறு செய்வார், அதை வைத்து ரத்னாவுக்கு ஏதாவது வழி செய்ய முடியுமா என்று என் வழக்கப்படி தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. செய்யக்கூடிய தவறுகளை எல்லாம் அவர் செய்து முடித்திருந்தார்.

யானையை இறக்கினேன்.

கைதட்டினார்கள். முதலியார் என்னைத் தாண்டிப் போய்க் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டார். "என் ஜூனியர். மந்திரியைக் காட்டி மயக்கச் சொன்னதே நான்தான்," என்று யாருக்கோ விளக்க ஆரம்பித்தார். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு பஜ்ஜித் தட்டின் பக்கம் நகர்ந்தது. பலகைக்கு இந்தப்புறம் நானும் அந்தப்புறம் டெபுடி கலெக்டரும் மட்டும் மிஞ்சினோம். அவர் காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். கூட மாட எடுத்துக்கொடுத்தேன்.

"நன்னா ஆடினே," என்றார்.

"இல்லை மாமா. தோக்கத்தான் ஆடினேன்."

"தெரியும். அதான் எடுத்துக்கலை." ஒரு குதிரையைப் பெட்டியில் வைத்துவிட்டு, "மழை வரும்போல இருக்கு," என்றார்.

பெண் வீட்டார் கேட்கக் கூடாது. எனக்குத் தெரியும். அம்மா காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஆனால் சுற்றி வளைக்க என் கையில் இனி ஒரு காயும் இல்லை.

"மாமா, நாளைக்குக் காலம்பற ரத்னா டிரெயினிங் ஸ்கூல்ல போய்ச் சேரணும். உங்காத்துச் சம்பந்தம் உண்டுன்னா அம்மா அனுப்ப மாட்டா. இல்லேன்னா அனுப்புவா. உண்டா, இல்லையா?"

கையிலிருந்த சிப்பாயை அவர் உருட்டிக்கொண்டே இருந்தார். பஜ்ஜிப் பக்கத்திலிருந்து முதலியாரின் குரல் கேட்டது. டெபுடி கலெக்டர் சிப்பாயைப் பெட்டியில் போட்டார். கண்ணாடியைக் கழற்றினார். என்னை நேராகப் பார்த்தார்.

"இல்லேப்பா. பொண்ணு பார்த்துட்டு வந்த அன்னிக்கு ராத்திரியே எங்காத்துப் பிள்ளை மாட்டேன்னுட்டான். ரத்னா அவனைவிட அரைச் சாண் உசரம். அதை வெளியில சொல்ல அவனுக்கு வெட்கம், எனக்கு அதைவிட வெட்கம். எங்களுக்கு அவளை ரொம்பப் பிடிச்சிருந்தது, அதனாலதான் இல்லேன்னு சொல்லவும் வாய் வரலை. நீ நாளைக்குக் காலம்பற முதல் டிராமிலேயே அவளை அழைச்சுண்டு போய்ச் சேர்த்துடு."